‘கெதாமோஸ்’ என்றால் தங்குவோமா, சந்திப்போமா?

இந்த வாரக் கடிதம் ஸ்பெயினின் வலென்சியா நகரத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு 34 வயது. திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். கணவருக்கு அங்கே வேலை கிடைத்ததால் 14 மாதங்களுக்கு முன் ஆறு வயது மகளோடு போய்ச் சேர்ந்திருக்கிறார். கைப்பேசிச் செயலி ஒன்றில், ஆங்கிலம் வழியாக ஸ்பானிய மொழி படிக்கிறார். 60 வினைச்சொற்களை ஒரு நோட்டில் அட்டவணை போட்டு, எதிரே ஆங்கிலப் பொருள் எழுதி, வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்திருக்கிறார். ஆனாலும் கடைத்தெருவுக்குப் போனால் வாய் திறப்பதில்லை.

மகளின் வகுப்புத் தோழியின் தாய் ஒரு நாள், ‘கெதாமோஸ் மன்யானா ஆ லாஸ் சிங்கோ’ என்று செய்தி அனுப்பினாராம். நோட்டைப் புரட்டினால் ‘கெதார்சே’ என்பதற்கு எதிரே ஆங்கிலத்தில் ‘ஸ்டே’, அதாவது ‘தங்குதல்’ என்று இருக்கிறது. ‘நாளை ஐந்து மணிக்கு நாங்கள் வீட்டில்தான் இருப்போம்’ என்று சும்மா தகவல் சொல்கிறார் போலும் என நினைத்து, ‘பாலே’, அதாவது ‘சரி’ என்று பதில் போட்டுவிட்டார். அந்தத் தாயோ இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பூங்காவில் நாற்பது நிமிடம் காத்திருந்திருக்கிறார். மறுநாள் பள்ளி வாசலில் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. “வெறும் ஒரு வினைச்சொல்லால் எனக்கு இருந்த ஒரே தோழியும் போய்விட்டாள்” என்று எழுதியிருக்கிறார்.

கூடவே நான்கு கேள்விகள். தமிழ்தான் தன்னைத் தடுக்கிறதா? (ஒரு வகுப்பில் “தமிழில் யோசிப்பதை முதலில் நிறுத்துங்கள்” என்று சொன்னார்களாம்.) ‘இரு’ என்ற பொருளில் வரும் ‘செர்’, ‘எஸ்தார்’ என்ற இரண்டு வினைகளுக்கும் நிரந்தரம், தற்காலிகம் என்ற விதி ஏன் பாதி நேரம் பொய்க்கிறது? மரபுத்தொடர்களை இப்போதே படிக்க வேண்டுமா? மொழித்தேர்வு எழுதாவிட்டால் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க முடியாது என்று கணவர் சொல்வது உண்மையா?

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் பட்ட சங்கடத்துக்கு உங்கள் நினைவாற்றலோ தமிழோ காரணமில்லை. உங்கள் நோட்டின் வலப்பக்கப் பத்திதான் காரணம். அதில் இருப்பது ஆங்கிலம். தமிழ் மனதுக்கும் ஸ்பானியச் சொல்லுக்கும் நடுவே ஆங்கிலத்தைத் தரகராக உட்கார வைத்திருக்கிறீர்கள். தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் எடுத்துக்கொள்கிறார். நான் இருபது ஆண்டுகளாகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மொழியைச் சொல்லித்தருகிறேன். அவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, தமிழில் யோசித்திருந்தால் வந்தே இருக்காது.

முதலில் உங்களைக் கவிழ்த்த சொல்லையே பார்ப்போம். ‘கெதார்சே’ என்றால் தங்குவது, இருந்துவிடுவது. அதன் வாலான ‘சே’யைக் கழற்றிவிட்டு ‘கெதார்’ என்று ஒருவரோடு சேர்த்துச் சொன்னால், இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் சந்திப்பது என்று பேசி வைத்துக்கொள்வது. உங்களுக்கு வந்த செய்தியின் பொருள் ‘நாளை ஐந்து மணிக்குச் சந்திப்போம்’. அதே சொல் இன்னும் பல வேலை செய்யும். ‘கெதான் திரெஸ்’ என்றால் மூன்று மிச்சம் இருக்கிறது. ‘தே கெதா பியென்’ என்றால் அந்த உடுப்பு உனக்கு எடுப்பாக இருக்கிறது. ‘மே கெதே தோர்மீதா’ என்றால் தூங்கிப்போய்விட்டேன். கடைசி எடுத்துக்காட்டை இன்னொரு முறை பாருங்கள். ‘தூங்கினேன்’ என்று சொல்லாமல் ‘தூங்கிப்போய்விட்டேன்’ என்று நாம் எதற்குச் சொல்கிறோமோ, அதே காரணத்துக்காகத்தான் அவர்கள் அங்கே ‘கெதார்சே’ போடுகிறார்கள். நம்முடைய ‘விடு’, ‘போ’ போன்ற துணைவினைகள் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அங்கே அந்தச் சின்ன ‘சே’ செய்கிறது. ‘இர்’ என்றால் போவது, ‘இர்சே’ என்றால் கிளம்பிப் போய்விடுவது. ‘தோர்மீர்’ என்றால் தூங்குவது, ‘தோர்மீர்சே’ என்றால் கண் அயர்ந்துவிடுவது. ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பக்கம் தேவைப்படும். உங்களுக்கு ஒரு வரி போதும்.

‘ஆனவரா’, ‘ஆக இருக்கிறாரா’?

நிரந்தரம், தற்காலிகம் என்ற விதியைத் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். செத்துப்போவதைவிட நிரந்தரமானது எதுவும் உண்டா? அதற்கு ‘எஸ்தா முவேர்த்தோ’ என்று ‘எஸ்தார்’ வருகிறது. மணி ஐந்து என்பது அறுபது விநாடிகூட நிற்காது. அதற்கு ‘சோன் லாஸ் சிங்கோ’ என்று ‘செர்’ வருகிறது. கணக்கு ஆசிரியை நீங்கள். இப்படி முதல் இரண்டு எடுத்துக்காட்டிலேயே உடைகிற சூத்திரத்தை வகுப்பில் விட்டுவைப்பீர்களா?

தமிழில் சொல்லிப் பாருங்கள். வினைச்சொல்லே இல்லாமல் வாக்கியம் முடிந்தாலோ, ‘ஆனவர்’, ‘காரர்’, ‘அவர்’, ‘அது’ என்று பெயராக முடிந்தாலோ அங்கே பெரும்பாலும் ‘செர்’. ‘இருக்கிறது’, ‘இருக்கிறார்’ என்று முடிந்தே தீர வேண்டும் என்றால் பெரும்பாலும் ‘எஸ்தார்’. ‘நான் ஆசிரியை’, ‘இன்று திங்கட்கிழமை’, ‘மேசை மரத்தால் ஆனது’, இவை எல்லாம் ‘செர்’. ‘அவர் வீட்டில் இருக்கிறார்’, ‘கதவு மூடியிருக்கிறது’, ‘நான் களைப்பாக இருக்கிறேன்’, இவை எல்லாம் ‘எஸ்தார்’.

செயலியில் தலைவலி கொடுக்கும் இரட்டைகள்கூட இப்படிப் பிரித்தால் அடங்கிவிடும் (‘எஸ்’ என்பது ‘செர்’இன் வடிவம், ‘எஸ்தா’ என்பது ‘எஸ்தார்’இன் வடிவம்). ‘எஸ் லிஸ்தோ’ என்றால் கெட்டிக்காரர், ‘எஸ்தா லிஸ்தோ’ என்றால் தயாராக இருக்கிறார். ‘எஸ் ரிக்கோ’ பணக்காரர். சோற்றைப் பார்த்து ‘எஸ்தா ரிக்கோ’ என்றால் ருசியாக இருக்கிறது. ‘எஸ் அபுர்ரீதோ’ அறுவை மன்னர், ‘எஸ்தா அபுர்ரீதோ’ பொழுது போகாமல் இருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ‘எங்கே’ என்ற கேள்விக்கு எப்போதும் ‘எஸ்தார்’ போடு என்று எல்லாப் பாடநூலும் சொல்லும். பிறகு, நிகழ்ச்சிகளுக்கு மட்டும் ‘செர்’ என்று ஒரு விதிவிலக்கைச் சின்ன எழுத்தில் போடும். மாணவர்கள் அதை மறந்துவிட்டு மதிப்பெண்ணை இழப்பார்கள். நீங்கள் மறக்கவே முடியாது. ‘பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்கிறோம். ‘கல்யாணம் எங்கே இருக்கிறது?’ என்று யாராவது கேட்பார்களா? ‘கல்யாணம் எங்கே?’ ‘மதுரையில்.’ அவ்வளவுதான். ஸ்பானிய மொழியிலும் பள்ளிக்கு ‘தோந்தே எஸ்தா’, கல்யாணத்துக்கு ‘தோந்தே எஸ்’.

இந்தச் சோதனை ஓர் இடத்தில் வழுக்கும், சொல்லிவிடுகிறேன். ‘அவர் உயரமாக இருக்கிறார்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதால் ‘எஸ்தா ஆல்தோ’ என்று வாயில் வரும். பொருள் மாறாமல் ‘உயரமானவர்’ என்று மாற்ற முடிகிறதா பாருங்கள். முடிந்தால் ‘எஸ் ஆல்தோ’. விடுமுறைக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்து ‘அடேயப்பா, எவ்வளவு உயரமாகிவிட்டான்!’ என்று வியக்கும்போது மட்டும் ‘எஸ்தா ஆல்தோ’ சரி.

‘எனக்கு’ என்று தொடங்குங்கள்

உங்கள் நோட்டில் ‘குஸ்தார்’ என்ற சொல்லுக்கு எதிரே சிவப்பு மையில் ‘தலைகீழ் வினை, கவனம்!’ என்று எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். தலைகீழாக இருப்பது ஆங்கிலத்துக்கு. ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் போட்டால் ‘எனக்குப் பிடிக்கும் காபி’. நேராகத்தானே நிற்கிறது? ‘மே துவேலே லா கபேஸா’: எனக்கு வலிக்கிறது தலை. ‘மே பரேசே’: எனக்குத் தோன்றுகிறது. ‘மே ஆசே ஃபால்தா’: எனக்குத் தேவைப்படுகிறது. ‘சே மே ஒல்விதோ’: எனக்கு மறந்துவிட்டது. கைதவறி டம்ளர் விழுந்தால் ‘சே மே கயோ எல் பாசோ’ என்பார்கள். நான் போட்டேன் என்று பழியை ஏற்றுக்கொள்ளாமல், அதுவாக விழுந்துவிட்டது, எனக்குத்தான் சங்கடம் என்று ஒதுங்கி நிற்கும் வாக்கியம். நம் வீடுகளில் உடைந்த பாத்திரங்களுக்குச் சொல்லப்படும் அதே விளக்கம்தான்.

ஒரே வேறுபாடு. பிடிக்கிற பொருள் பலவாக இருந்தால் வினையும் பன்மையாகும். ‘மே குஸ்தா எல் காத்தோ’ என்றால் அந்தப் பூனை பிடிக்கும். ‘மே குஸ்தான் லோஸ் காத்தோஸ்’ என்றால் பூனைகள் பிடிக்கும். நம் ‘பிடிக்கும்’ மாறுவதில்லை. இதை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்.

காலக் கணக்கிலும் இப்படி ஓர் ஒற்றுமை உண்டு. ‘பதினான்கு மாதமாக இங்கே இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அவர்களும் ‘யெவோ கத்தோர்சே மேசெஸ் அகீ’ என்று நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். ‘யெவார்’ என்றால் சுமந்து போவது. பதினான்கு மாதத்தைச் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று பொருள்படும். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்தச் சொல் எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது. ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பதற்கும் ‘சே நதார்’ என்று, அறிவதற்கான ‘சபேர்’ என்ற வினையையே போடுவார்கள். ஆங்கிலம் வழியாகப் போனவர்கள் ‘முடியும்’ என்ற வினையைப் போட்டுவிட்டு முழிப்பார்கள்.

தமிழ் காலை வாருகிற இடங்கள்

இதுவரை தாய்மொழிக்குப் பரிந்து பேசினேன். அது கவிழ்க்கும் இடங்களும் இருக்கின்றன. அதில் முதலாவது ‘கேள்’. ஓசை கேட்டது, பாட்டுக் கேட்டேன், வழி கேட்டேன், கடன் கேட்டேன். தமிழில் ஒரே வினை. அங்கே நான்கு. காதில் விழுவது ‘ஓயீர்’. கவனித்துக் கேட்பது ‘எஸ்குச்சார்’. கேள்வி கேட்பது ‘பிரெகுந்தார்’. ஒரு பொருளையோ உதவியையோ கேட்பது ‘பெதீர்’. ரொட்டிக் கடையில் நீங்கள் ‘பிரெகுந்தார்’ போட்டு ரொட்டி கேட்டதும் கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள் என்று வருந்தியிருக்கிறீர்கள். ‘ரொட்டியை விசாரிக்கலாமா?’ என்பது போல அவள் காதில் விழுந்திருக்கும். வெளியூர்க்காரர் ஒருவர் நம் கடையில் வந்து ‘வாழைப்பழத்தை நலம் விசாரிக்க வேண்டும்’ என்றால் நாமும் சிரிப்போம். அதில் இளக்காரம் இல்லை. அந்த ஊரில் கடைக்குப் போனால் ‘மே போனே உனா பார்ரா’ என்று கேளுங்கள். ‘எனக்கு ஒரு ரொட்டி போடுங்கள்’ என்பதுதான் அது. பரோட்டாக் கடையில் ‘ரெண்டு போடுங்க’ என்கிறோமே, அந்தப் ‘போடு’.

அடுத்தது ‘வா’வும் ‘போ’வும். சலமான்கா நகரில் நான் மாணவனாக இருந்தபோது, வீட்டுக்கார அம்மாள் இரவு உணவுக்குக் கதவைத் தட்டுவார். ‘வருகிறேன், வருகிறேன்’ என்ற நம் வழக்கப்படி ‘பெங்கோ, பெங்கோ’ என்று உள்ளிருந்து குரல் கொடுப்பேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர், “எங்கிருந்து வருகிறாய்? உள்ளேதானே இருக்கிறாய்!” என்று கேட்டேவிட்டார். அவர்கள் கணக்கில், பேசுகிறவன் நிற்கும் இடத்துக்கு வந்தால்தான் ‘வருவது’. அங்கிருந்து கேட்பவரை நோக்கி நகர்ந்தால் அது ‘போவது’. ஆகவே ‘யா போய்’ என்று சொல்ல வேண்டும். ‘போய்’ என்றால் ‘போகிறேன்’. நம் ‘போய்’ போலவே ஒலிக்கிறது, பொருளும் பக்கத்தில் நிற்கிறது. வெறும் தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க இதைவிட நல்ல கொக்கி கிடைக்காது. கொண்டு வருவதும் கொண்டு போவதும் இதே கணக்குத்தான். தோழி வீட்டுக்குப் பலகாரம் ‘கொண்டு வருகிறேன்’ என்று தொலைபேசியில் சொல்ல ‘திராயேர்’ போடாதீர்கள், ‘யெவார்’ போடுங்கள்.

பசி, தாகம், குளிர், பயம், தூக்கம், அவசரம் எல்லாம் நமக்கு ‘எனக்கு’ என்று வரும். அவர்கள் அதையெல்லாம் கையில் வைத்திருப்பார்கள்: ‘தெங்கோ அம்ப்ரே’, பசி வைத்திருக்கிறேன். வயதும் அப்படியே. உங்களுக்கு 34 வயது என்பதை 34 ஆண்டுகளை வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். இதைத் தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

‘தெரியும்’ என்பதும் இரண்டாக உடையும். விவரம் தெரிந்தால் ‘சபேர்’. ஆளோடு, ஊரோடு பழக்கம் இருந்தால் ‘கோனோசேர்’. ‘கோனோசெஸ் மத்ரீத்?’ என்று கேட்டால் மத்ரீத் என்று ஒரு ஊர் இருப்பது தெரியுமா என்று கேட்கவில்லை. அந்த ஊருக்குப் போயிருக்கிறாயா என்று கேட்கிறார்கள்.

மருந்துக் கடையில் மட்டும் துணிச்சல் வேண்டாம்

கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் வெட்கத்தோடு எழுதியிருந்த செய்தியை இங்கே கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன், ஏனென்றால் மற்றப் பிழைகளால் சங்கடம் மட்டும்தான், இதனால் உடம்புக்கே கெடுதல் வரலாம். மலச்சிக்கலுக்கு மருந்து வாங்கப் போய், ஆங்கிலச் சொல்லை வளைத்து ‘எஸ்தோய் கோன்ஸ்திபாதா’ என்று சொல்லியிருக்கிறீர்கள். சளி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை. ஸ்பெயினில் அந்தச் சொல்லுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்றே பொருள். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது ‘எஸ்திரென்யீதா’. இதே போல ஆங்கிலச் சாயல் கொண்ட ‘எம்பராசாதா’ என்ற சொல்லைக் கூச்சமாக இருக்கிறது என்று நினைத்துப் பயன்படுத்துவோர் உண்டு. அதன் பொருள் கர்ப்பம். மருத்துவர் முன் அதைச் சொல்லிவிட்டால் எழுதும் மருந்தே மாறிவிடும். வெயிலில் புழுங்குகிறது என்று சொல்ல ‘எஸ்தோய் காலியெந்தே’ என்றும் சொல்லிவிடாதீர்கள். அது காம விஷயம். ‘தெங்கோ கலோர்’ என்பதே சரி.

உடல்நிலை பற்றிப் பேசப் போகும்போது, முக்கியமான சொற்களை வீட்டிலேயே அகராதியில் சரிபார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ராயல் ஸ்பானிய அகாதமி 1713-இல் நிறுவப்பட்டது. அதன் அகராதி இணையத்தில் இலவசம். ஸ்பானியத்துக்கு ஸ்பானியமே பொருள் தரும் அகராதி என்பதால் முதலில் மிரட்டும். ஆனால் ஆங்கிலத் தரகர் அங்கே நுழைய முடியாது.

நாடு மாறினால் சொல்லின் மானமும் மாறும் என்பதையும் ஒரு வரி சொல்லி வைக்கிறேன். ஸ்பெயினில் பஸ் பிடிப்பதற்குக் ‘கொஹேர்’ என்பது அன்றாடச் சொல், பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். மெக்சிகோவிலோ அர்ஜென்டினாவிலோ அது வாயில் வரக்கூடாத சொல். பள்ளி வாசலில் அந்த நாட்டுத் தாய்மார்களும் இருக்கக்கூடும். ‘தோமார்’ என்று பழகிவிடுங்கள், எங்கும் செல்லும்.

நீயா, நீங்களா?

எல்லோரையும் ‘உஸ்தெத்’, அதாவது ‘நீங்கள்’ என்றே அழைப்பதாகவும், அதுதான் மரியாதை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் வளர்ப்பு அப்படி. ஸ்பெயினில் இன்று சம வயதுக்காரர்கள், கடைக்காரர்கள், பிள்ளைகளின் ஆசிரியர்கள்கூடப் பெரும்பாலும் ‘து’, அதாவது ‘நீ’ என்றே பேசிக்கொள்கிறார்கள். ஒத்த வயதுத் தோழியை ‘உஸ்தெத்’ என்றால், பக்கத்து வீட்டுப் பெண்ணை ‘மேடம்’ என்று கூப்பிடுவது போல, ஒரு அடி தள்ளி நிறுத்தியதாகிவிடும். அந்தத் தாய் உங்களிடம் இறுக்கமாக இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். மாடி வீட்டு வயதான அம்மாவுக்கு ‘உஸ்தெத்’ போடுங்கள். அவர்களே ‘என்னைத் து என்று கூப்பிடம்மா’ என்று சொன்னால் விட்டுவிடுங்கள். பலரைச் சேர்த்துச் சொல்லும் ‘நீங்கள்’ வேறு. அதற்கு ஸ்பெயினில் ‘வோசோத்ரோஸ்’ என்று தனிச் சொல், அதற்கெனத் தனி வினை விகுதி. லத்தீன் அமெரிக்கப் பாடங்களை வைத்துப் படிக்கும் செயலிகள் பல அதைச் சொல்லித் தருவதில்லை. உங்களுக்கு அது அவசியம்.

மரபுத்தொடர்களை இப்போது தொடலாமா?

பட்டியல் போட்டுப் படிக்க வேண்டாம். காதில் விழுந்ததை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அவற்றில் சில நம் வீட்டுப் பிள்ளைகள் போலவே இருக்கும். ‘எச்சார் உனா மானோ’ என்பது கை கொடுப்பது. ‘மாத்ரே மியா!’ என்பது ‘அம்மாடி!’ ‘மே எஸ்தாஸ் தொமாந்தோ எல் பேலோ’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் ‘என் முடியைப் பிடிக்கிறாய்’. நாம் முடியை விட்டுவிட்டுக் காதைப் பிடித்து, ‘எனக்கே காது குத்துகிறாயா?’ என்போம். நாக்கில் முடி இல்லாதவர் என்று யாரையாவது சொன்னால் திகைக்காதீர்கள். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவர் என்று பொருள். காலை விட்டு மாட்டிக்கொள்வதற்கு ‘மெத்தேர் லா பாத்தா’ என்பார்கள். பூங்கா விவகாரத்துக்கு அது அளந்து தைத்தது போல இருக்கும், கீழே பயன்படுத்தப் போகிறோம்.

ஊரை நினைத்து ஏங்குவதற்கு ‘எச்சார் தே மேனோஸ்’ என்ற தொடர். இதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ஒன்றும் தேறாது. போர்ச்சுகீசிய வழக்கிலிருந்து உருமாறி வந்தது அது, ‘குறைவதாகக் காண்பது’ என்பது பழைய பொருள். போர்ச்சுகீசியம் என்றதும் ஒரு சின்ன ஆறுதல். நம்மிடம் அந்த மொழி விட்டுப்போன சில சொற்கள் ஸ்பானிய மொழிக்கும் உறவினர்கள். மேசை அங்கேயும் ‘மேசா’. அலமாரி ‘அர்மாரியோ’. ஈழத்தில் சொல்லும் சப்பாத்து அங்கே ‘சபாத்தோ’, ஸ்பெயினில் அந்தச் ‘ச’வை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள்.

ஒலியைப் பற்றியும் ஒன்று. ஸ்பானியத் ‘த’ நம் ‘த’தான், ‘ட’ அல்ல. ‘எஸ்டார்’ என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்ததுமே ஆங்கிலம் வழியாக வந்தவர் என்று தெரிந்துவிட்டது. ‘நாதா’, அதாவது ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலி நம் ‘அது’வில் வரும் ‘து’வின் மெல்லொலியேதான். ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் முயன்று பெறுவதை நீங்கள் தாய்ப்பாலோடு குடித்திருக்கிறீர்கள்.

தேர்வும் அனுமதியும்

உங்கள் கணவர் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறார். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க மொழித்தேர்வுச் சான்றிதழ் கட்டாயமில்லை. அது கட்டாயமாவது, வசிப்பின் அடிப்படையில் ஸ்பானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது. இந்தியர்களுக்கு அதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் சட்டப்படி, தொடர்ச்சியாக வசித்திருக்க வேண்டும். அப்போது செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் தெலே என்ற ஸ்பானிய மொழித்தேர்வில் ஏ2 எனப்படும் அடிப்படை நிலையோ அதற்கு மேலோ வேண்டும். வாசிப்பும் எழுத்தும் ஒரு பிரிவு, கேட்பதும் பேசுவதும் இன்னொரு பிரிவு. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 எடுக்க வேண்டும். ஒன்றில் அதிகம் எடுத்து மற்றதை ஈடுகட்ட முடியாது. மனப்பாடம் செய்து, வாய் திறக்காமல் இருப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். நாட்டின் அரசமைப்பு, பண்பாடு பற்றி 25 கேள்விகள் கொண்ட இன்னொரு தேர்வும் உண்டு, அதில் 15 சரியாக இருந்தால் போதும். அந்நியக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதையும் அப்போது எடைபோட வேண்டியிருக்கும். அது மொழி ஆசிரியனைக் கேட்டு முடிவு செய்கிற காரியமில்லை, வழக்கறிஞரைப் பாருங்கள். இன்றைக்கு உங்கள் தலைக்கு மேல் எந்தக் கத்தியும் தொங்கவில்லை.

எங்கே படிப்பது? செயலியை விட்டுவிடச் சொல்லமாட்டேன், பஸ்ஸில் போகும்போது அது போதும். தனி ஆசிரியர் வைத்தால் வேகம் கிடைக்கும், செலவும் ஆகும். உங்கள் நிலையில் நான் பெரியவர்களுக்கான பொதுக் கல்வி மையத்தையோ அரசு மொழிப்பள்ளியையோ, அதாவது ‘எஸ்குவேலா ஒஃபிசியால் தே இதியோமாஸ்’ என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் பள்ளியையோ தேர்ந்தெடுப்பேன். கட்டணம் குறைவு என்பது ஒரு காரணம். அங்கே மொராக்கோக்காரரும் உக்ரைன்காரரும் உங்களோடு அமர்ந்து உங்களைவிட மோசமாகத் தப்புச் செய்வார்கள் என்பது பெரிய காரணம். சேரும்போது எந்த மொழி வகுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலென்சியாவில் வலென்சிய மொழியும் ஆட்சிமொழி. ரொட்டிக் கடை வாசலில் ‘ஃபோர்ன்’ என்று எழுதியிருப்பதும், பள்ளியிலிருந்து வரும் சில தாள்கள் உங்கள் நோட்டில் எங்குமே இல்லாத சொற்களால் நிறைந்திருப்பதும் அதனால்தான். அந்தத் தாள்கள் புரியாததை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

நோட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். வலப்பக்கப் பத்தியை அடித்துவிட்டு, ஒவ்வொரு வினைக்கும் எதிரே நீங்கள் திருச்சியில் உண்மையாகப் பேசக்கூடிய ஒரு முழு வாக்கியத்தைத் தமிழில் எழுதுங்கள். ‘கெதார்’ என்பதற்கு ‘சாயங்காலம் கோயில் வாசலில் பார்ப்போம்’ என்று இருக்கட்டும். அறுபதும் வேண்டாம், முதலில் பதினைந்து போதும்.

இனி அந்தத் தாய். அவர் உங்களைத் திட்டமிட்டு ஏமாற்றியவராக நினைத்திருப்பார், ஏனென்றால் நீங்கள் ‘பாலே’ என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். விளக்கம் போகாமல் கோபம் போகாது. நீளமாக எழுதாதீர்கள். ‘பெர்தோனா, மெத்தீ லா பாத்தா. என்தெந்தீ மால். கெதாமோஸ் எல் ஹுவேவெஸ் ஆ லாஸ் சிங்கோ?’ மன்னித்துக்கொள், சொதப்பிவிட்டேன், தவறாகப் புரிந்துகொண்டேன், வியாழன் ஐந்து மணிக்குச் சந்திப்போமா? கவனியுங்கள், ‘பெர்தோனா’ என்பது ‘நீ’க்கு உரியது, ‘உஸ்தெத்’ இல்லை. உங்களைக் கவிழ்த்த அதே ‘கெதாமோஸ்’ அதில் இருக்கிறது, அவர் கண்ணில் அது படாமல் போகாது.

‘யா தே திரே’ என்று பதில் வந்தால், ‘பிறகு சொல்கிறேன்’ என்று பொருள். ‘பாலே’ என்று வந்தால், ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே பூங்காவில் இருங்கள்.